சாக்குப் படத்தின் முன்னால் சொன்னது

அந்தப் படம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை விரித்து வைத்த அளவுதான் இருக்கும். பெரிய ஓவியங்கள் தொங்கும் மண்டபத்தைத் தாண்டி, மாடிப்படிக்குப் போகும் வழியிலுள்ள சின்ன அறையில், தனிச் சுவர் ஒன்றில் அதை மாட்டியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இத்தாலியில் சில ஓவியர்கள், இனி அழகான படம் கீறி என்ன கண்டோம் என்று சலித்துப்போய், கையில் அகப்பட்ட சாக்கையும் தகரத்தையும் கரியையும் எடுத்துப் படம் செய்தார்களாம். அவர்களில் ஒருவர் செய்தது இது. பழுப்பு நிறச் சணல் சாக்குத் துண்டு. நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக, ஓரம் கருகிய ஓட்டை. ஓட்டைக்குக் கீழே வேறொரு சாக்குத் துண்டை ஒட்டுப்போட்டுப் பெரிய பெரிய தையலாக இழுத்திருக்கிறார். உருவம் என்று ஒன்றும் கிடையாது. பெயரும் கிடையாது, 'தலைப்பில்லாதது' என்றுதான் பக்கத்து அட்டையில் எழுதியிருக்கும். வருகிறவர்களில் அநேகர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒருவர் தன் மனைவியிடம், நம்முடைய கராஜில் இதைவிடத் திறமானது கிடக்கிறது என்றார். அறை மூலையில் கதிரையில் இருந்த நான் மனதுக்குள் சிரித்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் இப்படி ஒன்று தொங்கியதுதான்.

நான் அந்தக் காட்சிக்கூடத்தில் காவல் வேலை பார்க்கிறேன். காவல் என்றால் துப்பாக்கி ஒன்றும் இல்லை. கதிரையில் இருப்பது, எழுந்து நடப்பது, தொடாதீர்கள் என்பது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கை காட்டுவது. லண்டனில் மிகப் பெரிய ஓவியங்களின் நடுவே நாள் முழுக்க இருக்கிற என்னிடம் சனம் அதிகமாகக் கேட்டது கழிப்பறையைப் பற்றித்தான். ஷிப்டுக்கு ஷிப்ட் அறை மாறும். நான் மற்றவர்களுடன் மாற்றிக் கேட்டு அந்தச் சின்ன அறையைப் பிடித்துக்கொள்வேன். அங்கே ஹீட்டர் நன்றாக வேலை செய்வதால் நான் ஆசைப்படுகிறேன் என்று கூட வேலை செய்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா மேல்மாடியில் வேலை செய்தார். படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் விளக்கங்களை எழுதும் பிரிவு. அந்தப் பெரிய கட்டடத்தில் எங்கள் இரண்டு பேரையும் தவிர வேறு தமிழர் இல்லை. முதல் நாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு நேரே வந்து, "நீர் தமிழோ? எந்த இடம்?" என்று கேட்டார். நாங்கள் எங்கே கண்டாலும் முதலில் கேட்கிற கேள்வி. அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் பிறந்தது கொழும்பில், பள்ளிக்கூடம் சேரும் வயதுக்கு முன்பே தாயோடு லண்டனுக்கு வந்துவிட்டார். தகப்பன் கொழும்பில் ஆஸ்பத்திரியில் நோயாகக் கிடந்து இறந்தவர் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அன்று பின்னேரத்துக்குள் அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார், நான் தங்கச்சி ஆகிவிட்டேன். வெள்ளைக்காரர்கள் வருடக்கணக்கில் ஒரே மேசையில் வேலை செய்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்திலேயே நிற்பார்கள். நமக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி போதும், உறவாகிவிடுவோம். அதை நம்முடைய பெரிய குணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அக்கா நல்லவராகத்தான் இருந்தார். அம்மா முழங்கால் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்காக மேலே பேசி ஷிப்ட் மாற்றித் தந்தார். குளிர் நாட்களில் சூப் கொண்டுவந்து, "குடியும், விறைச்சுப்போய் இருக்கிறீர்" என்று பக்கத்தில் நின்று குடிக்க வைப்பார். அவருடைய அம்மா ஞாபகம் மங்கி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். மகளையே அடையாளம் தெரியாது. அதைச் சொல்லி அவர் அழுத நாளில் நானும் சேர்ந்து அழுதேன். மோர்டனில் நானும் அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு அவரை ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என்னவோ தட்டிக்கொண்டே போயிற்று.

ஒரு மழை நாள். அறையில் ஆள் இல்லை. ஏதோ அட்டை பழுதாகிவிட்டது என்று பார்க்க வந்த அக்கா, "ஏன் தங்கச்சி எப்பவும் இந்தப் படத்துக்கு முன்னாலயே நிக்கிறீர்? அதில என்ன கிடக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதுவும் தமிழில். என் வாய் தானாகத் திறந்தது.

"அப்பாவுக்குத் தைக்கத் தெரியாது" என்றுதான் தொடங்கினேன்.

அப்போது ஊரில், எனக்கு ஒன்பது வயது. குண்டு போடும் விமானங்கள் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் வளவில் அப்பா பதுங்குகுழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தார். வாசலுக்கு ஒரு சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார். அது கிழிந்தபோது தானே ஊசியும் சணல் நூலும் எடுத்துக்கொண்டு குந்தியிருந்து ஒட்டுப் போட்டார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர், ஊசி பிடித்த கை இல்லை. ஒவ்வொரு தையலும் என் விரல் நீளம். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. சிரிப்பு நின்றுபோய்ப் பிதற்றல் தொடங்கியது. அன்று காலை விமானச் சத்தம் கேட்டதும் அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா கண்ணை மூடியபடி, தண்ணி தாங்கோ, தண்ணி தாங்கோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்த குடம் வெறுமையாக இருந்தது. அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். விமானம் தூரப் போய்விட்டது என்று நினைத்திருப்பார். "இந்தா வாறன்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, சாக்கை விலக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். குண்டு கிணற்றுக்கும் சமைக்கிற குசினிக்கும் இடையில் விழுந்தது. ஒரு துண்டு வந்து சாக்கைத் துளைத்துக்கொண்டு உள் மண்ணில் குத்தியது. சாக்கில் ஓட்டை, ஓரமெல்லாம் கருகல், அதன் கீழே அப்பாவின் தையல். அப்பா திரும்பி வரவில்லை.

காய்ச்சல் விட்டு அம்மாவுக்கு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, அந்த நேரத்தில் அவர் ஏன் வெளியே போனார் என்பது. தான் தண்ணீர் கேட்டது அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. நான், ஆடு கத்தியது, அவிழ்த்து விடப் போனவர் என்று சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்த இடத்தில் என் வாயில் வந்தது. அம்மா அதை நம்பினார். இன்றுவரை ஆட்டிறைச்சி வீட்டுக்குள் வராது. எங்கள் சனம் கூடுகிற டூட்டிங்கில் இறைச்சிக் கடையைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தச் சீவனால போன மனுசன்" என்பார். பொய்தான். ஆனால் அதைச் சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் என்று ஒன்றைக் கேட்டால் அதைத்தான் சொல்லுவேன்.

இவ்வளவையும் அக்காவுக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றேன். "அம்மாவாணை, என்ர வாயால ஒருத்தருக்கும் வராது" என்றார். நான் சத்தியம் கேட்கவில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் அம்மாவாணை என்பார்கள்தான், ஆனால் அவர் தன் தலையில் கை வைத்து அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவர் மேல் இருந்த அன்பு இரண்டு மடங்காயிற்று. அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது உடம்பே பாரம் குறைந்தது போல இருந்தது.

பிறகு ஒரு கோடை வந்தது, அதோடு ஒரு புதுத் திட்டமும் வந்தது. காதில் வைத்துக் கேட்கும் கருவியில், அங்கே வேலை செய்கிற பல நாட்டு ஆட்கள் தங்களுக்குப் பிடித்த படத்தைப் பற்றித் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் பேசுவது. காவல் வேலைக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கருவி தந்து, உங்கள் அறையில் சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். நான் என் சின்ன அறைக்குப் போய்ப் படத்துக்குரிய இலக்கத்தை அழுத்தினேன். அக்காவின் குரல். நல்ல தமிழ், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக.

"என் அப்பாவுக்குத் தைக்கத் தெரியாது" என்று தொடங்கியது.

கடைசிவரை கேட்டேன். பனங்குற்றி இருந்தது. நனைத்த சாக்கு இருந்தது. காய்ச்சலில் பிதற்றும் அம்மா, வெறும் குடம், இந்தா வாறன், எல்லாம் இருந்தது. 'தண்ணீர் கேட்டது தான்தான் என்பது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது' என்று முடிந்தது. ஆட்டை மட்டும் விட்டுவிட்டார். அது அவருக்குத் தேவைப்படவில்லை போலும். கோபம் என்று சொன்னால் போதாது. என்னுடைய அப்பா இன்னொருத்தியின் அப்பாவாக, என் கண் முன்னாலேயே சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே போகிறார். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டவர்களுக்கு, செய்கிறது என்று சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடிப் போனேன். கன்டீனில் யன்னலோரம் தனியாக இருந்தார்.

"அக்கா, அது என்ர அப்பா."

"எனக்குத் தெரியுந்தானே" என்றார், தேத்தண்ணியைக் கலக்கியபடி.

"அம்மாவாணை எண்டு சொன்னீங்கள்."

"உம்மட பேரைச் சொன்னனானோ? ஊரைச் சொன்னனானோ? யோசிச்சுப் பாரும் தங்கச்சி. உம்மட பேரில வந்தா உம்மட அம்மாவுக்குத் தெரிஞ்சுபோம். அதுக்குத்தான் என்ர கதையாச் சொன்னனான். உமக்கு நல்லதுதான் செய்திருக்கிறன்." பிறகு குரலைத் தணித்து, "அந்தப் படத்தை இனித்தான் சனம் நிண்டு பார்க்கும். அது உமக்குச் சந்தோசம் இல்லையோ?" என்றார்.

அவர் வெட்கப்பட்டிருந்தால், மன்னித்துக்கொள்ளும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் எப்படியாவது ஆறியிருப்பேன் என்று நினைக்கிறேன். எனக்கே உதவி செய்ததாகச் சொன்னாரே, அதுதான் பொறுக்க முடியாமல் போனது. அவருடைய மேலாளரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போய் என்ன சொல்வது? அது என்னுடைய கதை என்று நிறுவினால் கருவியில் என் பெயர் வரும். என் பெயர் வந்தால் அடுத்த கிழமையே டூட்டிங்கில் யாராவது ஒருவர் அம்மாவைப் பிடித்து, கேட்டீங்களோ என்று தொடங்குவார். என் வாயை நானே கட்டிவைத்திருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்தார். இத்தனைக்குப் பிறகும் படியில் கண்டால், "தங்கச்சி, சுகமோ?" என்பார். நானும், "ஓம் அக்கா" என்பேன். ஒருத்தரை அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு எப்படி இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னது நடந்தது. சனம் நின்று பார்க்கத் தொடங்கியது. காதில் கருவியை வைத்துக்கொண்டு, அசையாமல், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் மூலையில் கதிரையில் இருந்து அவர்களுக்குக் காவல் இருப்பேன். அந்த அறையை விட்டு மாற்றிக் கேட்டிருக்கலாம். ஏனோ விட்டுப்போக மனம் வரவில்லை. தமிழ் வானொலியில் அக்காவைப் பேட்டி கண்டார்கள். ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடைப் போட்டோவைக் கைத்தொலைபேசியில் எனக்கும் அனுப்பியிருந்தார், கும்பிடும் கைகளோடு.

வானொலியைக் கேட்டவர்களில் டூட்டிங் முதியோர் சங்கத்து மாஸ்டரும் ஒருவர். எல்லாருமாகப் போய் அந்தச் சாக்குப் படத்தைப் பார்ப்போம் என்று பஸ் ஒழுங்கு பண்ணிவிட்டார். அம்மா அந்தச் சங்கத்தில் இருக்கிறார். மகள் வேலை செய்யிற இடம் என்று அம்மாவுக்குத் தலைகால் தெரியாத புளுகம், சந்தோசம். குளிரும் என்றேன். பெரிய கோட்டை எடுத்து வெளியே வைத்தார். படி ஏற வேண்டும் என்றேன். "ஏன், அவ்வளவு பெரிய இடத்தில லிப்ட் இல்லையோ?" என்றார். வானொலிப் பேட்டியைக் கேட்டாரா என்று மெல்ல விசாரித்தேன். அந்த நேரம் தான் நித்திரை என்றார். சரி, அறையில் நான் நிற்பேன், எப்படியாவது தடுத்துவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் வந்தபோது, கருவியில் சார்ஜ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் கீழே போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "இது வேலை செய்யுது தங்கச்சி" என்றார். பிறகு மரியாதையாக அதை அம்மாவிடம் நீட்டி, "உங்கட பிள்ளை காவல் இருக்கிற படம். நீங்கள்தான் முதல் கேக்க வேணும்" என்றார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல் என்ற இடத்தில் தலையைக் கொஞ்சம் சரித்தார். காய்ச்சல் என்ற இடத்தில் மற்றக் கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

முடிந்ததும் கருவியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஆர் பிள்ளை இதைச் சொல்லுறது?"

"மேல வேலை செய்யிற அக்கா அம்மா. நான் சொல்லுவனே, சூப் கொண்டுவந்து தாறவ எண்டு."

"உண்மையா அவவுக்கு நடந்ததோ?"

அந்தக் கேள்விக்கு எத்தனையோ தரம் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மேலாளரிடம், வானொலிக்காரரிடம், பொன்னாடை போர்த்தியவர்களிடம், கத்திக் கத்தி. இப்போது கேட்டது அம்மா.

"ஓம் அம்மா. அவவுக்கு நடந்ததுதான்" என்றேன். அப்பாவை என் வாயாலேயே தாரைவார்த்துக் கொடுத்தேன்.

அம்மா பெருமூச்சு விட்டார். "எங்கட அப்பா ஆட்டுக்குப் போனார். அந்த மனுசன் தண்ணிக்குப் போயிருக்கிறார். தாய் உயிரோட இருக்கிறாவோ?"

"இருக்கிறா."

"அவவின்ர காதுக்கு இது போகக் கூடாது பிள்ளை. தெரிஞ்சுதெண்டா அந்த மனுசி பிறகு ஒரு மிடறு தண்ணி குடிக்காது." அம்மா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, ஏதோ முடிவு பண்ணியவர் போல, "அந்தப் பிள்ளையை ஒருநாள் வீட்டை கூட்டிக்கொண்டு வா. பாவம், என்னோட இருந்து கதைக்கட்டும். நானும் அதெல்லாம் பட்டவள்தானே" என்றார்.

ஒரு மாதமாக நான் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா விடவில்லை. கடைசியில் போன கிழமை அக்காவைக் கன்டீனில் பிடித்துச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறியது. முதல் தடவையாக அவர் பயந்ததைக் கண்டேன். அந்தச் சந்தோசத்தைக்கூட எனக்கு அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை, ஏனென்றால் அவரைவிட நான் பயந்துபோயிருந்தேன். அம்மா சும்மா இருக்க மாட்டார். கேட்பார். உங்கட பங்கர் எந்தப் பக்கமா வெட்டினது, மழைக்குத் தண்ணி நிண்டதோ, மூட்டைக்கு மண் எங்கால எடுத்தனீங்கள் என்று கேட்பார். கொழும்பில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர் ஓரிடத்தில் தடக்கினால் போதும், அம்மா திரும்பி என்னைப் பார்ப்பார். என் முகத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஆகவே அக்காவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். குழியை ஏன் நேராக வெட்டாமல் வளைத்து வெட்டுவார்கள் என்று. சத்தத்தை வைத்து விமானம் வருகிறதா போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. உள்ளே குந்தியிருக்கும்போது முதுகில் படுகிற மண்ணின் குளிர். நான் பயந்தபோது அப்பா என் காதுகளை இரண்டு கையாலும் பொத்தி, வாயைத் திறந்து வைத்திரு என்று சொன்னது. அவர் கையில் இருந்த சணல் நூல் வாசம். யாருக்கும் சொல்லாமல் நான் வைத்திருந்தவை. அக்கா தேத்தண்ணியை ஆறவிட்டு, கண் கலங்கி, ஒவ்வொன்றையும் மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் ஏதும் கிடக்கோ தங்கச்சி?" என்று கேட்டார்.

கிடந்தது. அதையும் சொன்னேன்.